மூன்று மணி வரைக்கும் கடல் இல்லை

என் கணவர் ஜோவின், இத்தாலியில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். ஆம்பூரில் கற்ற வேலைதான். ஆகஸ்டில் அந்த ஊரே மூன்று வாரம் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். மணலில் வரிசை வரிசையாகக் குடைகள் நட்டிருப்பார்களாம். குடும்பத்துக்கு ஒரு குடை. வருடா வருடம் அதே குடை, பக்கத்தில் அதே முகங்கள். ஆலை கேன்டீனில் சமைக்கும் ஒர்னெல்லா அம்மாவுக்கு மூன்றாம் வரிசையில் முப்பது வருடமாக ஒரு குடை உண்டு. அதன் நிழலில் இவருக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

அங்கே ஒரு கண்டிப்பு. மதியம் சாப்பிட்டவர்கள் மூன்று மணி வரை கடலில் கால் வைக்கக் கூடாது. வயிறு நிறைந்து தண்ணீரில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்ப்பார்களாம். அந்த வரிசைக்கு மணி பார்ப்பவர் ஒர்னெல்லாதான். அந்த நேரத்தில் ஜோவின் என்னை வீடியோவில் கூப்பிடுவார்.

"சீலி, என்னைய கட்டிப்போட்டு வெச்சிருக்காங்கடி. மூணு மணி வரைக்கும் உனக்குத்தான் டூட்டி" என்பார்.

போன வருடம் ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருவிழா. அவருக்கு மதியம் ஒன்றரை, எனக்கு மாலை ஐந்து. தேர் பவனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் பேசியிருப்போம். நான் அழைப்பைத் துண்டித்தேன். இரண்டு மணிக்கு அவர் கடலில் இறங்கினார். கரைக்குத் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. வேலூரில் ஒரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். இதயம்தான், சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

நான் துண்டித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் அதே நாள் சுஹேல் அகமது கடற்கரையிலிருந்து வீடியோவில் அழைத்தார். பேர்ணாம்பட்டுக்காரர், அதே ஆலை, ஜோவினின் தோஸ்த். பக்கத்தில் ஒர்னெல்லா, கண்ணெல்லாம் வீங்கி.

"அண்ணி, இந்தம்மா குடைய விட்டுடப் போறாங்களாம். இனிமே இங்க வரமாட்டாங்களாம்."

"ஏன் தம்பி?"

"அன்னிக்கி தூங்கிட்டாங்க இல்ல? முழிச்சிருந்தா அவர எறங்க விட்டிருக்க மாட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு ஒரே அழுகை. டாக்டர் சொன்னத நானும் சொல்லிப் பாத்துட்டேன், காதுல ஏறல. பேஜாரா இருக்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

ஆறுதலாக ஏதாவது சொல்லி முடித்திருக்கலாம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அவங்க தூங்கினதால இல்லன்னு சொல்லுங்க. நான் சண்ட போட்டேன். மூணு வாரம் லீவு கெடச்சா வீட்டுக்கு வரத் தோணல, குடைக்கு அடியில உக்காந்துக்கினு போன்ல கொஞ்சறதுக்கு மட்டும் பொண்டாட்டியான்னு கேட்டேன். போய்க் கடல்லயே கெடங்கன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்."

சுஹேல் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னா அண்ணி இது... இத நான் சொல்லணுமா?"

"சொல்லுங்க தம்பி. இல்லாட்டி அவங்க சாவுற வரைக்கும் அழுவாங்க."

சொன்னார். மூன்று நான்கு வாக்கியம் இருக்கும். ஒர்னெல்லா அழுவதை நிறுத்தினார். ஒரு வருடமாகச் சுமந்த ஒன்று அவர் முகத்திலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். இனி குடையை விடமாட்டார். அது போதும் என்று நினைத்தேன்.

அவர் திரைக்கு அருகே வந்து, மெதுவாக ஏதோ கேட்டார்.

"பக்கத்துக் குடைக்காரங்க பாத்தாங்களாம் அண்ணி. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி வரைக்கும் போன காதுல வெச்சுக்கினே இருந்தாராம். நீங்க கட் பண்ணிட்டீங்க, அப்புறம் யாருகிட்ட பேசினாருன்னு கேக்குறாங்க."

"யாருகிட்டயும் பேசல தம்பி. என் போன்தான் நாலு தடவ அடிச்சுது. நான் கண்ணாடி முன்னாடி நின்னு பூ வெச்சுக்கிட்டிருந்தேன்."

சுஹேல் அதை மொழிபெயர்க்கவில்லை. பதிலுக்காக ஒர்னெல்லா எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.