பூச்சாடி நின்ற இடம்

திண்டுக்கல் ஸ்டூடியோவில் அந்தக் குடும்பப் படம் எடுத்தபோது வீரலட்சுமிக்குப் பதினொரு வயது. வடமதுரையில் புகையிலைத் தரகு பார்த்த அவள் அப்பா, அம்மா, அண்ணன்மார், சித்தி என்று எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னழகும் போனாள். அவள் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று வீரலட்சுமி தரையில் புரண்டு அழுததால் அவளையும் கூட்டிக்கொண்டார்கள்.

விளக்கைப் போட்டதும் பொன்னழகு சுவரோரம் ஒதுங்கினாள்.

"ஏத்தா, நீயும் வந்து நில்லு" என்று அப்பாதான் கூப்பிட்டார்.

அவள் ஓடிவந்து வீரலட்சுமியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள். ரவிக்கையில் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தாள். படத்தில் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

பொன்னழகின் அம்மா மூக்காயிக்குப் புருஷன் இல்லை. புகையிலைக் கிட்டங்கியில் கூலி வேலை. முறைக்கு அத்தை என்பதால் வீரலட்சுமி அவளை அத்தை என்றே கூப்பிடுவாள். பாதி நாள் வீரலட்சுமிக்குச் சோறும் மூக்காயி வீட்டில்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் வீரலட்சுமிக்கு வேடசந்தூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பருத்தி வியாபாரம், மாடி வீடு. சீர்வரிசையோடு அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பழைய படத்தைக் கொடுக்கப் போன வீரலட்சுமியிடம் ஸ்டூடியோக்காரர் ஞானதாஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ள யாரும்மா, தங்கச்சியா?" என்று கேட்டார்.

வீரலட்சுமியின் கண்ணில் அந்த ஊக்கு பட்டது. மாடி வீட்டிலும் இதையேதான் கேட்பார்கள். கூலிக்காரி மகள் என்று சொல்ல வேண்டிவரும்.

"யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ள. எடுத்துர முடியுமா?"

"அதுக்கென்ன, அந்த எடத்துல ஒரு பூச்சாடி வரஞ்சு விட்டுர்றேன்."

அந்தக் கல்யாணத்துக்கு மாவாட்டி, மருதாணி அரைத்து, பந்தியில் இலை எடுத்துப் போட்டதெல்லாம் பொன்னழகு. பிறகு அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று. தலைப்பிரசவத்தில் அவளும் போனாள், குழந்தையும் போயிற்று. அப்போது வீரலட்சுமி மாசமாக இருந்தாள். பிள்ளைத்தாச்சி துட்டி வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். பிறகு போய்க்கொள்ளலாம் என்று இருந்தாள். போகவே இல்லை.

அறுபத்து நான்கில் ஒரு காலை நேரத்தில் மூக்காயி வேடசந்தூருக்கு வந்தாள். மகள் போன பிறகு சின்னாளபட்டியில் தம்பி வீட்டோடு இருந்தாள். சாயம் தோய்ப்பதற்கு முன் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் பிழைத்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள் வீரலட்சுமி. மூக்காயி அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு காரியமா வந்தேன் தாயி. எம்புள்ள மொகம் நெனப்புல நிக்க மாட்டேங்குது. நெத்தி வருது, மூக்கு வருது, மொத்தமாச் சேர மாட்டேங்குது. நீங்க எடுத்த படத்துல அவளும் நின்னாள்ல? ஒருவாட்டி பாத்துட்டுப் போயிர்றேன்."

"அது அம்மா வீட்ல கெடக்கு அத்தை" என்றாள் வீரலட்சுமி.

கூடத்தில் பருத்தி மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் தங்கமுத்து நிமிர்ந்தான். "எந்தப் படம்? நம்ம ரூம்ல மாட்டியிருக்கே, அதுவா?" என்றவன், அவள் தடுப்பதற்குள் உள்ளே போய் எடுத்துவந்துவிட்டான்.

மூக்காயி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துவந்தாள். வீரலட்சுமிக்குப் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றது. அங்கே உயரமான ஒரு பூச்சாடி, அதில் ரோஜாப்பூக்கள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"இது வேற படமா தாயி?"

"ஆமாத்தை. வேற படம்."

மூக்காயி தலையாட்டினாள். படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் மறுபடி மடியில் வைத்துக் குனிந்தாள். படத்தில் வீரலட்சுமியின் தோள்மேல் நான்கு விரல்கள் இருந்தன. அழித்தால் சட்டையின் பூவேலை கெட்டுவிடும் என்று ஞானதாஸ் அவற்றை விட்டுவைத்திருந்தார். பின்னால் நிற்கும் சித்தியின் விரல்கள் என்றே அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"இது எம்புள்ள வெரலுல்ல?" என்றாள் மூக்காயி. "சுண்டுவெரலு பாரு. கெணத்து உருளையில நசுங்குனது."

மூக்காயி அந்த விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஊக்கு குத்தியிருந்தா. அதானே அழிச்சது? அன்னைக்கு விடியக் கிட்டங்கி வண்டிக்கு மூட்டை ஏத்தப் போயிட்டேன். பொத்தான் தச்சு விட எனக்குத்தேன் நேரமில்ல."

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். மோர் அப்படியே இருந்தது.

என்னவென்று தங்கமுத்து கேட்டான். வீரலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். "நாங்க கேட்டுருப்போம்னா நெனச்ச?" என்றான். பருத்தி மாதிரிகளைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அம்மா வீட்டில் இருந்த பழைய படம் கரையான் அரித்துப் போய் வெகுநாளாகியிருந்தது. மறுநாளே அவள் திண்டுக்கல்லுக்குப் போனாள். ஞானதாஸுக்குத் தலை நரைத்திருந்தது. "பழைய கண்ணாடி நெகட்டிவ் பாதிய ஒடச்சுப் போட்டாச்சும்மா, தேடிப் பாக்குறேன்" என்றார். மறுவாரம் போனபோது தேடி எடுத்து வைத்திருந்தார். அவள் கண்ணெதிரே இருட்டறையில் அதிலிருந்து ஒரு படம் போட்டார். மருந்துத் தண்ணீருக்கடியில் தாளில் முதலில் சேலைக் கரைகள் கறுத்தன, பிறகு அப்பாவின் மீசை, பிறகு பொன்னழகின் முகம். வீரலட்சுமி வெளியே போய் நின்றுகொண்டாள். காய்ந்ததும் தாளில் சுற்றித்தான் வாங்கினாள்.

சின்னாளபட்டியில் மூக்காயி நான்கைந்து பெண்களோடு உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வீரலட்சுமி பொட்டலத்தை நீட்டினாள். மூக்காயி பிரித்தாள். அவள் வாய் கோணிக்கொண்டது.

"தெத்துப்பல்லு" என்றாள். "இந்தத் தெத்துப்பல்லுதேன் எனக்கு வராமக் கெடந்துச்சு."

பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி வீரலட்சுமியைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டாள்.

"எம்மக சிநேகிதி. இந்தப் படத்த இம்புட்டு வருசமாப் பொத்திப் பொத்தி வச்சிருந்து கொண்டாந்து குடுக்குது."

"இல்லத்தை, நாந்தேன்..." என்று ஆரம்பித்தாள் வீரலட்சுமி.

மூக்காயி சட்டென்று எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"வாயத் தொறந்துராத" என்றாள் மெல்ல. "ஒன்னயக் காப்பாத்துறேன்னு நெனைக்காத. எம்புள்ளைய ஒருத்தி வேணாம்னு அழிச்சான்னு இவளுகளுக்குத் தெரியக் கூடாது. செத்துப் போனவளுக்கு அந்தச் சிறுமை வேணாம்."

இருவரும் திரும்பி வந்தார்கள். பெண்கள் நகர்ந்து வீரலட்சுமிக்கு இடம் விட்டார்கள். ஒருத்தி காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் அம்புட்டுச் சிநேகிதமா?" என்று கேட்டாள் இன்னொருத்தி.

"ஆமா" என்றாள் வீரலட்சுமி.

"ஒரு தட்டுலதேன் சாப்பிடுவாளுக" என்று ஆரம்பித்தாள் மூக்காயி. பள்ளிக்கூடத்துக்குப் போனது, புளியம்பழம் திருடி மாட்டிக்கொண்டது, காய்ச்சல் வந்தபோது ஒருத்தியை விட்டு ஒருத்தி நகராமல் கிடந்தது எல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றும் நடந்ததுதான். பெண்கள் சிரித்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், வீரலட்சுமியைப் பாசத்தோடு பார்த்தார்கள். அவள் காப்பியைக் குடித்து முடித்தாள். அத்தனையும் சொல்லி முடிக்கிறவரை மூக்காயி ஒருதரம்கூட அவள் பக்கம் திரும்பவில்லை.