இரண்டு துடிப்புக்கு நடுவே

மழை பொய்த்த எண்பத்து மூன்றாம் வருஷம், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் விருமாண்டி வேலை பார்த்தான். கிணற்றின் அடியில் ஊற்றுத் தேடிப் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போகிற வேலை. ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குக் குடைவு பதினைந்தடி நீண்டிருந்தது. அவன் மனைவி அன்னக்கொடியும் அவள் அண்ணன் கருப்பும் மேலே நின்று, கூடையில் கல்லையும் மண்ணையும் இழுத்துப் போடுவார்கள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். கிணற்றின் ஒரு பக்கம் சரிந்து குடைவின் வாயை மூடிவிட்டது.

உள்ளே இருந்த விருமாண்டிக்குக் காயம் எதுவும் இல்லை. இருட்டு மட்டும்தான். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகவே இருக்கும் இருட்டு.

"மச்சான்!" என்று கத்தினான். குரல் எங்கும் போகாமல் அவன் முகத்திலேயே வந்து விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் 'தொம், தொம்' என்று சத்தம் கேட்டது. தோண்டுகிறார்கள்! சந்தோஷத்தில் இன்னும் உரக்கக் கத்தினான். சத்தம் வேகமெடுத்தது. ஆள் கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான். ஆனால் கத்தக் கத்த அது படபடத்தது. சந்தேகப்பட்டுக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். விரலுக்கடியில் அதே தொம், தொம்.

இவ்வளவு நேரமும் தன் நெஞ்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மல்லாந்து படுத்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் இருட்டு லேசாக வெளுத்து, விரிந்து, பிறகு சுருங்கியது. பாறை மூச்சு விடுவது போலிருந்தது. அந்த வெளுப்புக்குள் ஒரு கடலைக் காடு வந்தது. அன்னக்கொடி குனிந்து, துடிப்புக்கு ஒரு செடியாகப் பிடுங்கிப் போட்டாள். அவள் பிடுங்கப் பிடுங்கக் காடு நீண்டுகொண்டே போனது. தான் படுத்திருக்கிறோமா மிதக்கிறோமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பயம் எங்கோ போய்விட்டது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சு மெல்ல அடங்கியது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடம் விழுந்தது.

அந்த இடத்தில், 'ணங்'.

அடுத்த துடிப்பில் அது இல்லை. நெஞ்சு அடிக்கிற கணத்தில் காது அடைத்துப்போகிறது என்று புரிந்தது. கழுத்தில் விரலை வைத்தபடி, துடிப்பு ஓய்கிற இடைவெளியில் மட்டும் கேட்டான். மறுபடி 'ணங்'. கடப்பாரை! ஆனால் வாய் இருந்த பக்கம் இல்லை, வெகுவாகத் தள்ளி. தப்பான இடத்தில் தோண்டுகிறார்கள்.

கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்துப் பாறையில் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

வெளியே நடந்ததைப் பிறகு கருப்புதான் சொன்னான். கிணற்றுக்குள் இறங்கி ஏழெட்டுப் பேர், குடைவின் வாய் எங்கே இருந்தது என்று தெரியாமல் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தபோது, அவர்களோடு இறங்கியிருந்த அன்னக்கொடி திடீரென்று கையைத் தூக்கியிருக்கிறாள்.

"எல்லாரும் நிறுத்துங்க! அங்கிட்டு யாரோ தட்டுறாக."

"பதட்டத்துல ஒன் நெஞ்சு அடிக்குதுத்தா. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல," என்றிருக்கிறான் கருப்பு.

"என் நெஞ்சு எனக்குத் தெரியாதாண்ணே? இது அதுக்கு நடுவுல கேக்குது. இந்தப் பக்கம் வெட்டுங்க."

யாரும் அசையாததால் அவளே கடப்பாரையைப் பிடுங்கி வெட்ட ஆரம்பித்தாளாம்.

விருமாண்டியின் தலைமாட்டில் நூலளவு வெளிச்சம் கசிந்தது. பிறகு அன்னக்கொடியின் கை தெரிந்தது.

"ஏய்யா, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். என்ன, விடிஞ்சிருச்சா?"

"விடியவா? இன்னும் மதியக் கஞ்சியே குடிக்கல மாப்ள," என்றான் கருப்பு. சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. விருமாண்டியால் அதை நம்பவே முடியவில்லை. அதற்கப்புறம் அவன் எந்தக் கிணற்றுக்குள்ளும் இறங்கவில்லை. அடுத்த வாரமே புருஷனும் பெண்சாதியுமாகச் சமயநல்லூருக்கு ரோட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் அன்று மேலே தூக்கிக் கிடத்திய பிறகும் வெகுநேரம் அவன் எழுந்திருக்கவில்லை. திருச்சி ரோட்டில் லாரி போகும் சத்தமும், வேப்பமரத்துக் காக்கையும், ஆட்கள் பேசுவதும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே விட்டுவிட்டு, அலையலையாக வந்தன.

"எந்திரிய்யா, வீட்டுக்குப் போவோம்," என்றாள் அன்னக்கொடி.

"இரு, வாரேன்," என்றான் அவன், வானத்தைப் பார்த்தபடியே.