காட்டாத கை

மாப்பிள்ளையின் கை இன்றும் தாமதமாகத்தான் எழுந்தது.

கிரேன் கேபினில் இருந்தவன் அதைப் பார்த்தான். கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கியது. கீழே கம்பி வளைக்கிறவர்கள் அண்ணாந்து நின்றார்கள். கட்டு அவர்கள் பக்கமாக ஒருமுறை ஆடி, அடங்கி, மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாப்பிள்ளை, இவன் தங்கையின் கணவன். கீழே நின்று சைகை காட்டுவது அவன் வேலை. மேலே உட்கார்ந்து லீவரைப் பிடிப்பது இவன் வேலை. விரல் மேலே சுழன்றால் தூக்கு. உள்ளங்கை கீழே அசைந்தால் இறக்கு. இரண்டு கையும் விரிந்தால், எதுவானாலும், அங்கேயே நிறுத்து. ஒவ்வொரு சைகைக்கும் ஆப்பரேட்டர் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் லீவரைத் தொட வேண்டும் என்பது விதி. இவர்கள் அதை விட்டுப் பல வருடம் ஆகிறது. சொந்தத்துக்குள் என்ன ஹாரன் என்று முதலில் சொன்னது யார் என்று இருவருக்கும் நினைவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரே உடம்பு வேலை செய்வதுபோல இருக்கும். சைட்டில் மாப்பிள்ளைக்கு டிராபிக் என்று பெயர். இவன் மாடிவீட்டுக்காரர். சூப்பர்வைசர் ஹலோ.

தங்கைக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்ததும் முடிந்ததும் ஒரே மழைக்காலத்துக்குள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவன் விரலைப் பிடித்துக்கொண்டு, "அவரத் தனியா விட்டுடாதண்ணா" என்றாள். இவன் தலையாட்டினான். வண்டி பிடித்தது, உறவுக்குச் சொல்லிவிட்டது, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது எல்லாம் இவன்தான். அழ நேரமில்லை. நேரம் கிடைத்தபோது அழுகை வரவில்லை. மறுநாளே கேபினில் ஏறிவிட்டான். கல்லு மாதிரி மனுஷன் என்றார்கள். சில நாள் கழித்து மாப்பிள்ளையும் வந்து கீழே நின்றான். கண் உள்ளே போயிருந்தது. எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். இவனும் அவனைத்தான் பார்த்தான்.

அந்தக் கை தாமதிக்கிறது. சூப்பர்வைசரிடம் சொன்னால் மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வீட்டில் அவனைத் தவிர இப்போது யாரும் இல்லை. சொல்லாவிட்டால் ஒருநாள் யாராவது சுமைக்கு அடியில் போவார்கள்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, டீ நேரத்தில் ஏணியில் இறங்கினான்.

"என்னய்யா, மாடிவீட்டுக்காரரு தரையில கால் வெச்சிருக்காரு," என்றான் வெல்டர். "மேல தண்ணி வரலியா?"

கம்பிக்காரர்கள் சிரித்தார்கள். இவன் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தள்ளிப் போய் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் டீ ஆடை கட்டியிருந்தது.

"மாப்ள, ஒண்ணு பேசணும்."

"நானும் பேசணும் மச்சான். சாப்ட்டியா?"

"அத விடு. உன் கை லேட்டாகுது. கொஞ்ச நாளாவே பாக்கறேன்."

மாப்பிள்ளை டீயைப் பார்த்தான். "அப்படியா?"

"ஹலோகிட்ட சொல்லப்போறேன். கொஞ்ச நாள் ஸ்டோர்ல உக்காரு. நட்டு போல்ட்டு எடுத்துக் குடு."

"குடுத்து?"

"உயிரோட இரு. மத்தவங்களையும் இருக்க விடு."

"நீ தூங்கறியா மச்சான்?"

"என்னப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் கேக்கறேன்."

பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். வாக்கி டாக்கியில் மூன்று ஹலோ சொல்லாமல் எதையும் சொல்லமாட்டார். நேரிலும் அப்படித்தான்.

"ஹலோ, ஹலோ, ஹலோ. பேசினது போதும். காத்து ஏறறதுக்குள்ள படிக்கட்ட இறக்கிடணும்."

இவன் வாயைத் திறந்தான். மாப்பிள்ளை எழுந்து டீயை மண்ணில் கொட்டினான்.

"இது முடியட்டும் மச்சான். அப்புறம் சொல்லு. ஒண்ணு மட்டும் செய், இன்னிக்கு ஹாரன் குடு."

"ஹாரன் கேட்டாத்தான் உனக்கு வேலை ஓடும்னா நீ வேலைக்கே வந்திருக்கக் கூடாது."

மாப்பிள்ளை ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

படிக்கட்டு ஒரே வார்ப்பாக லாரியில் வந்திருந்தது. அதைக் கட்டடத்துக்குள் விட்டிருந்த குழிக்குள் இறக்க வேண்டும். குழிக்குள்ளே வெல்டரும் இன்னொருவனும் நின்று அதைப் பிடித்து உட்கார வைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் குழி வெறும் கறுப்புச் சதுரம். உள்ளே நடப்பது விளிம்பில் நிற்கும் மாப்பிள்ளைக்குத்தான் தெரியும்.

தூக்கியாயிற்று. திருப்பியாயிற்று. குழிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. காற்று ஒருமுறை தள்ளிப் பார்த்தது. சுமை ஆடி அடங்கியது. அடுத்தது இறக்கு. மாப்பிள்ளையின் உள்ளங்கை கீழே அசைந்தது. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் இவன் அப்படித்தான் சத்தியம் செய்திருப்பான். லீவரைத் தள்ளினான்.

"நிறுத்து."

ஹலோவின் குரல். ஒரு ஹலோகூட இல்லாமல்.

நிறுத்தினான். கேபின் ஒருமுறை குலுங்கியது. கீழே மாப்பிள்ளை இரண்டு கையையும் விரித்தபடி நின்றான். படிக்கட்டின் அடி குழிக்குள் போயிருந்தது. பிறகு பக்கவாட்டுத் திறப்பு வழியாக வெல்டர் வெளியே வந்தான், ஹெல்மெட் இல்லாமல். அப்படியே தரையில் உட்கார்ந்தான். இன்னொருவன் அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தான். ரத்தம் இல்லை.

வாக்கி டாக்கி திறந்தே இருந்தது.

"ஆப்பு நழுவி விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சேன் சார்," என்றது வெல்டரின் குரல். "ஹெல்மெட்டப் படிக்கட்டே கழட்டிடுச்சு."

"யாருய்யா இறக்கச் சொன்னது?"

"நான்தான் சார்," என்றான் மாப்பிள்ளை. "தப்பாக் காட்டிட்டேன்."

இவன் மூச்சை விட்டான். அவனே ஒத்துக்கொண்டான். இனி யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதி நெஞ்சில் பரவியபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது.

படிக்கட்டைத் தூக்கி வெட்டவெளியில் வைக்கச் சொன்னார் ஹலோ. சைகைக்குச் சைகை ஹாரன் என்றார். இவன் கட்டைவிரலை ஹாரன் பொத்தானில் வைத்தான். மாப்பிள்ளையின் விரல் சுழன்றது. ஹாரன். தூக்கினான். கை பக்கவாட்டில் நீண்டது. ஹாரன். திருப்பினான். வெட்டவெளிக்கு மேலே நிறுத்தினான். அடுத்தது இறக்கு. உள்ளங்கை அசைந்தது. ஹாரனை அழுத்தினான்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை தலை நிமிர்ந்தான்.

அவன் இரண்டு கையும் தொடையோரம் தொங்கின.

இவன் தன் வலது கையைப் பார்த்தான். அது லீவரைத் தள்ளத் தொடங்கியிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அடுத்தவர் கைபோல இருந்தது. கண்ணை மூடித் திறந்தான். கீழே மாப்பிள்ளை இன்னும் அசையவில்லை, இவனையே பார்த்துக்கொண்டு நின்றான். நிதானமாக, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல, கையை உயர்த்தி உள்ளங்கையைக் கீழே அசைத்தான். ஹாரன். இறக்கினான். சுமை மண்ணில் உட்கார்ந்தது. கொக்கியைக் கழற்றினார்கள்.

இவன் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏணி அதிர்வது காலில் தெரிந்தது. கதவில் மாப்பிள்ளையின் தலை வந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்டூலில் ஏறக்கூடப் பயப்படுகிறவன். வீட்டில் பல்பு மாட்டுவதுகூட தங்கைதான்.

"நீ ஏன் ஏறின?"

"நீ இறங்கமாட்டியே." கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளியே பார்க்காமல் உட்கார்ந்தான்.

"நீ இறக்குன்னு காட்டல."

"காட்டல."

"காலையில கம்பி இறக்கினப்ப?"

"காலையிலயும் இல்ல. நீயா இறக்க ஆரம்பிச்ச. ஹலோ பாக்கறதுக்குள்ள நான் காட்டின மாதிரி கையத் தூக்கினேன்."

"அதான் லேட்டா?"

"அதான் லேட்டு."

"சொல்ல வேண்டியதுதானே மாப்ள."

"சொன்னா இந்த வேலையையும் உன்கிட்டேர்ந்து புடுங்கிடுவாங்கன்னு பாத்தேன். தப்புதான். அந்த வெல்டர் இருக்கானே..." முடிக்கவில்லை.

காற்று கண்ணாடியில் மோதியது. மாப்பிள்ளை கம்பியை இன்னும் இறுக்கினான்.

"அவ உன்னைத் தனியா விடாதன்னு சொன்னா," என்றான் இவன்.

"கேஸ் அனுப்பின. ஃபேன் மாட்ட ஆள் அனுப்பின. உன் வீட்லேர்ந்து சாப்பாடு வருது. நீ ஒரு நாள் வந்தியா மச்சான்?"

இவன் லீவரைப் பார்த்தான்.

"தெருமுனையில வண்டி ஹாரன அடிச்சா அவ ஜன்னலுக்கு வந்துடுவா மாப்ள."

"தெரியும்."

"இப்ப அடிச்சா?"

"நான் வரேன் ஜன்னலுக்கு."

இவன் வாக்கி டாக்கியை எடுத்தான்.

"சார், டிராபிக் தப்பாக் காட்டல. காட்டவே இல்ல. நான் பாக்காம இறக்கினேன். காலையிலயும் அப்படித்தான். வேற ஆப்பரேட்டரக் கூப்பிடுங்க."

நீண்ட இரைச்சல்.

"ஹலோ?" என்றார் ஹலோ.

"நான் இறங்கறேன் சார்."

மோட்டாரை அணைத்தான். திருப்பத்தின் பிரேக்கை விடுவித்தான். ஆளில்லாத கிரேனின் கையைப் பூட்டி வைக்கக் கூடாது, காற்று போகிற பக்கம் திரும்ப விட வேண்டும். அது மெல்லத் திரும்பத் தொடங்கியது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏறிட்டேன். எப்படி இறங்கறதுன்னு தெரியல மச்சான்."

"நான் முன்னாடி போறேன். கீழ பாக்காத. நான் சொன்னா மட்டும் கால எடு."

இவன் ஏணியில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே மாப்பிள்ளையின் சேறு ஒட்டிய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"வலது கால். இறக்கு."

கால் வரவில்லை. இவன் காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"சரி."

பிறகு கால் இறங்கியது. இவன் குதிகாலைப் பிடித்து ஏணிப் படியில் வைத்தான்.

"நிறுத்து. இப்ப இடது."

"சரி," என்றான் மாப்பிள்ளை.