உதடு படாமல்

டாக்டர் பிரம்மநாயகத்துக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. செம்பூரில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆஸ்துமாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரே டாக்டர் அவர். மூச்சு நின்றுபோனவர்களுக்கு வாயோடு வாய் வைத்து ஊதுகிற புது முறையை நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். அறுபத்து நாலாம் வருஷ மழைக்காலத்தில் இரண்டு பெருமையும் ஒன்றாகக் கப்பலேறின.

ஆராய்ச்சிக் கேள்வி எளிமையானதுதான். இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஊசி போட்டுக்கொண்டு, நன்றாக மூச்சுவிட்டபடி வீட்டுக்குப் போகிறவர்கள் ஏன் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறார்கள்? மாத்திரை சாப்பிட்டாயா, பச்சைத் தண்ணீரில் குளித்தாயா, பீடி பிடிக்கிறாயா என்று டாக்டர் கேட்பார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவர்கள் பதில் சொல்வார்கள்.

தாராவியிலிருந்து வருகிற பேராச்சி எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பதிலே சொன்னாள். மாத்திரை தப்பவில்லை, குளிப்பது வெந்நீரில், பீடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் மாமியார் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி வந்துகொண்டே இருந்தாள். தோல் கிடங்கில் வேலை பார்க்கிற அவள் புருஷன் சொரிமுத்து ஒவ்வொரு தடவையும் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ப்பான். பொய் சொல்கிறாள் என்று டாக்டர் முடிவுகட்டினார். அப்படி முடிவுகட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு, மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பெருமை ஒரு ரப்பர் பொம்மையை நம்பியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மை. வாயில் ஊதினால் அதன் நெஞ்சு மேலேறி இறங்கும். வந்த மாதத்திலேயே உள்ளே இருந்த பை கிழிந்துபோனது. புதுப் பை வரும்வரைக்கும் பாடத்தை நிறுத்த முடியுமா என்று டாக்டர் நிறுத்தவில்லை. பொம்மையின் வாய்மேல் சலவைக் கைக்குட்டையை விரித்துக் குனிந்து ஊதிக் காட்டுவார். நர்சுகளும் அப்படியே செய்வார்கள். தலையைச் சரியாகச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, தாளம் தப்பாமல் ஊதினால் முழு மார்க். நெஞ்சு ஏறுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, கிழிந்த பையில் பார்க்க என்ன இருக்கிறது. பெண்கள் வார்டு நர்ஸ் முருகம்மாள் முதலாவதாகத் தேறினாள்.

ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் பேராச்சி மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை இழுப்புச் சத்தமே கேட்கவில்லை. சத்தம் கேட்காத இழுப்புதான் ஆபத்தானது. நரம்பில் மருந்து ஏற்ற வேறொரு நர்ஸ் ஊசியைத் தயார் செய்வதற்குள் அவள் தலை சாய்ந்தது, மூச்சு நின்றது.

டாக்டர் ஓடி வந்தபோது முருகம்மாள் ஊதிக்கொண்டிருந்தாள். தலை சாய்த்திருந்த விதம் சரி, மூக்கைப் பிடித்திருந்த விதமும் சரி. பேராச்சியின் நெஞ்சு மட்டும் அசையவில்லை. டாக்டர் குனிந்து பார்த்தார். முருகம்மாளின் உதட்டுக்கும் பேராச்சியின் உதட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. ஊதின காற்றெல்லாம் கன்னத்தில் பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"வாயை வச்சு ஊதும்மா" என்றார்.

"நீங்க காட்டின மாதிரிதான் டாக்டர் ஊதுதேன்" என்றாள் முருகம்மாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. பயத்தில் உள்ளதைச் சொன்னாள்.

ஆமாம், டாக்டர் அப்படித்தான் காட்டியிருந்தார். மாட்டுங்கா வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அம்மா முறைப்பாள். காபியானாலும் தண்ணீரானாலும் அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொள்கிறவர் அவர். எச்சில் என்றால் அவருக்கு உடம்பு கூசும். பொம்மையிடமும் அந்த வாய் தானாகவே ஒரு விரல் தள்ளி நின்றிருக்கிறது. அவர் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள் அதுதான் முறை என்று கற்றுக்கொண்டார்கள்.

இப்போது எதிரே கிடப்பது பொம்மை இல்லை. பிறத்தியாள் மனைவி, தோல் கிடங்குக்காரன் வீட்டுப் பெண். கட்டில் கால்மாட்டில் புருஷன் நிற்கிறான். இந்த யோசனையெல்லாம் அந்த நேரத்திலும் அவர் மனசில் ஓடத்தான் செய்தது. ஓடியதே என்று வெட்கப்பட்டார். முருகம்மாளை விலக்கிவிட்டு, பேராச்சியின் வாயோடு தன் வாயை அழுத்தி ஊதினார்.

அடைத்துக்கொண்ட ஊதுகுழலில் ஊதுகிற மாதிரி இருந்தது, காற்று உள்ளே போக மறுத்தது. நிதானமாக, அவசரப்படாமல் மறுபடி ஊதினார். நெஞ்சு லேசாக ஏறியது. இறங்கும்வரை காத்திருந்து மறுபடி ஊதினார். மருந்து நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் இருட்டியபோது முருகம்மாள் குனிந்தாள். இந்தத் தடவை உதடு பட்டது. மாறி மாறி இருவரும் ஊதினார்கள்.

கடைசியில் பேராச்சியின் நெஞ்சிலிருந்து கீச்சென்று ஓர் இழுப்புச் சத்தம் தானாக வந்தது. அந்தச் சத்தத்தை ஒழிக்கத்தான் டாக்டர் இத்தனை வருஷமாகப் பாடுபட்டு வந்தார். அன்றைக்கு அதைக் கேட்டு அவருக்கு அழுகை வந்தது.

சொரிமுத்துவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அவன்தான் கிட்டே வந்தான்.

"அவளக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு நீங்க ஒருக்க வீட்டுக்கு வரணும்யா" என்றான்.

மறுநாள் டாக்டர் பொம்மையின் பையை மாட்டுங்கா சைக்கிள் கடையில் கொடுத்துப் பஞ்சர் ஒட்டி வாங்கினார். பழைய மார்க்கெல்லாம் ரத்து என்றார். கைக்குட்டையில்லாமல் முதலில் அவரே ஊதினார், நெஞ்சு ஏறியதா என்று முருகம்மாளைப் பார்க்கச் சொன்னார்.

பேராச்சி வீடு திரும்பிய அன்று தாராவிக்குப் போனார். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். இத்தனை காலமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற குர்லா ரயிலின் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தார். சொரிமுத்துவின் வீடு ஒரே ஓர் அறை, ஜன்னல் கிடையாது. வாசலில் சட்டி நிறைய நெருப்பு கனன்றது. பக்கத்தில் முறத்தில் உப்பும் கடுகும் ஒரு குவியல் வற்றல் மிளகாயும் இருந்தன.

"செத்துப் பொழச்சு வந்திருக்கால்லா. கண்ணு பலமா இருக்கு. அதான் மொளகா கூடுதலா வச்சிருக்கேன்" என்றான் சொரிமுத்து.

"எப்பவும் இப்படிச் செய்வீங்களா?"

"ஆஸ்பத்திரில இருந்து வந்ததும் இதத்தான் மொதல்ல செய்வோம். உள்ள வச்சு சுத்திப் போட்டு கதவ அடச்சிருவோம். கமறல் வரலன்னா கண்ணு இன்னும் போகலன்னு அர்த்தம். மேல நாலு மொளகா போடுவோம்."

டாக்டர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆரோக்கியமாக வீட்டுக்கு அனுப்பிய பெண்ணை, அவள்மேல் உள்ள பிரியத்தாலேயே மிளகாய்ப் புகையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவள் பொய்யே சொல்லவில்லை. அவர் அம்மாவும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவருக்குச் சுற்றிப் போடுகிறவள்தான். அப்படியும், வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீர்கள் என்று யாரிடமும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"சுத்துங்க, வேண்டாங்கல" என்றார். "நெருப்புல மட்டும் போடாதீங்க. கொண்டுபோய் உப்பங்கழித் தண்ணியில எறிஞ்சிருங்க. அந்தப் புகைதான் இவங்களுக்கு இழுப்பக் கொண்டு வருது."

சொரிமுத்து தயங்கினான். "தண்ணில போட்டா கண்ணு போவுமாய்யா?"

உள்ளேயிருந்து பேராச்சி எழுந்து வந்தாள். "மூச்சையே குடுத்தவுக சொல்லுதாவ. கேளுங்களேன். அவுகளயும் பக்கத்துல நிக்க வச்சு ரெண்டு பேருக்கும் சேத்துச் சுத்துங்க. அவுக மேலயும் ஊர்க்கண்ணு பட்டிருக்கும்."

டாக்டர் மறுபேச்சில்லாமல் அவள் பக்கத்தில் போய் நின்றார். சொரிமுத்து முறத்தை மூன்று தரம் சுற்றிவிட்டு, தெருவிறங்கி உப்பங்கழிப் பக்கம் போனான்.

பேராச்சி நெருப்புச் சட்டியில் தண்ணீரைத் தெளித்து அணைத்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். டாக்டருக்கு நல்ல தாகம். வாங்கினார், தலையை அண்ணாந்தார், டம்ளரை உயரத் தூக்கினார்.

பேராச்சி சிரித்தாள். "இனிமே என்னத்துக்கு டாக்டரய்யா அண்ணாந்து குடிக்கிய?"

டாக்டர் டம்ளரை இறக்கி, வாயில் வைத்துக் குடித்தார்.