கிறகோரி மறித்த பவனி

மாசி மாதக் காற்றில் வள்ளம் கவிழ்ந்து, கிறகோரியின் ஒரே மகன் நிறோஜன் கடலில் போனான். உடல் அளம்பில் ஊர்க் கரையில் ஒதுங்கியது.

செத்தவீட்டில் கோயில் சபைத் தலைவர் மரியநாயகம் கிறகோரியின் கையைப் பிடித்தார்.

"கர்த்தர் தனக்கு விருப்பமானவனைத்தான் வேளைக்கு எடுப்பார். விசுவாசத்தோட ஏற்றுக்கொள்ளும்."

கிறகோரி கையை உதறினார். "எனக்கு விசுவாசம் படிப்பிக்க வராதையும்!"

அதற்குப் பிறகு அவர் கோயில் பக்கம் போகவில்லை. கடவுள் இல்லை என்றும் சொல்லவில்லை. சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைக் கழற்றவுமில்லை. அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

ஆனியில் அந்தோனியார் திருநாள் வந்தது. பவனி தெருவால் வரும்போது மனைவி புனிதம் வீட்டு வாசல் படலையடியில் மேசை வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். கிறகோரி நடுத்தெருவில் போய் நின்றார்.

"விலத்தும், சனம் வருது!" என்று மரியநாயகம் கத்தினார்.

"உம்மோட எனக்குக் கதையில்லை. அவரோடதான்."

கிறகோரி தோள்களில் வந்த அந்தோனியார் சுரூபத்தை அண்ணாந்து பார்த்தார்.

"செல் விழுந்த சண்டைக்குள்ள என்ர மகனைத் தோளில போட்டுக்கொண்டு ஓடேக்க உம்மைத்தான் கூப்பிட்டனான். காப்பாத்தினீர். ஏன்? மீசை முளைக்க விட்டுட்டுக் கடலில தாழ்க்கவோ? பக்கத்தில செத்த பிள்ளையளின்ர தாய்மாரும் உம்மைத்தானே கூப்பிட்டவை? அவையின்ர குரல் ஏன் கேக்கேல்லை?"

பாட்டு நின்றது. பங்குச் சுவாமி முன்னால் வந்தார். இளம் குருவானவர்.

"ஐயா, இது கடவுளின்ர சித்தம்..."

"அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதையுங்கோ சுவாமி! அவர் இல்லையெண்டா நான் ஏன் நடுத்தெருவில நிண்டு கத்திறன்? இருக்கிறார். அதுதான் எனக்கு வயிறு எரியுது!"

சுரூபத்தைச் சுமந்தவர்கள் நிறோஜனோடு கடற்தொழிலுக்குப் போன பெடியள். ஒருவரும் சொல்லாமலே அதைப் புனிதத்தின் மேசையில் இறக்கினார்கள். மரியநாயகம் தடுக்கப் பாய்ந்தார். சுவாமி அவரைக் கையால் மறித்தார்.

"நீங்கள் கேளுங்கோ ஐயா."

கிறகோரி மேசையடியில் நின்று கேட்டார். ஏசினார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். முழந்தாளிடவில்லை, சிலுவை அடையாளமும் போடவில்லை. பவனி நகர்ந்தது.

"அவரிட்ட மறுமொழி இல்லை," என்றார் மனைவியிடம். "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறன். பூசை காணுறதுக்கில்லை. கேக்க."

மேசையில் வழிந்திருந்த மெழுகைப் புனிதம் நகத்தால் சுரண்டினாள்.

"நானும் வாறன். எனக்கும் கேக்கக் கிடக்கு."