பலகை என் வேலை இல்லை

காளிதாஸுக்கு வீம்பு அதிகம். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கணினி பார்க்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் அவன் சொந்தமாக எழுதிய செஸ் புரோகிராமோடுதான். மூன்று வருட உழைப்பு. அதற்கு யோசிக்கத் தெரியும். பலகையும் காயும் கிடையாது. திறந்தால் வெறும் கறுப்புத் திரையும் எழுத்தும். பலகை வேண்டுமென்றால் வேறு யாரோ செய்ததை இறக்கி இதோடு இணைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் அவனோடு செஸ் ஆடிய வாலண்டைன் அதை ஆசையாகக் கேட்டு வாங்கினான். சர்க்கரையில் ஒரு கால் போய், வேலையும் போய், மூவாரில் வீட்டோடு கிடந்தான் அவன். வாங்கிய அன்றே போன் செய்தான்.

"தொறந்தா கறுப்பா நிக்குது லா. போர்டு எங்கடா? உன்கூட ஆடுற மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

"போர்டு போடுறது என் வேலை இல்லடா. என் புரோகிராம் யோசிக்கும், அவ்வளவுதான். போர்டு சும்மாவே ஆயிரம் கெடக்கு, எறக்கிக்க."

"எனக்கு அதெல்லாம் வருமா? சின்னதா ஒன்னு போட்டுக் குடேன்."

"கத்துக்கடா," என்றான் காளிதாஸ். பலகை வைத்தால் தன் புரோகிராம் விளையாட்டுச் சாமானாகிவிடும் என்று அவனுக்கு ஓர் எண்ணம். என்ன பெரிய எண்ணமோ!

வாலண்டைன் அப்புறம் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவன் மனைவி டொரத்தி, பிள்ளைக்குப் படிக்க வேண்டும், சரி பண்ணிக் கொடுங்கள் என்று புருஷனுடைய லேப்டாப்பைக் காளிதாஸுக்கு ஆள் மூலம் அனுப்பினாள். தனக்கு அடிக்கப்படும் ஒவ்வொரு வரியையும் காளிதாஸின் புரோகிராம் ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அவன் அதைத் திறந்து பார்த்தான்.

முதல் நாள் வாலண்டைன் தன் முதல் காய் நகர்த்தலாக e4 என்று அடித்திருந்தான். பலகை அனுப்பும் கட்டளை மட்டும்தான் அதற்குப் புரியும்; 'கட்டளை புரியவில்லை' என்று பதில். மறுநாளும் e4, அதே பதில். ஒரு நாள், 'காளி, நீ ஆடு' என்று அடித்திருந்தான். அதற்கும் அதே பதில்தான். இப்படி நாற்பத்தொரு நாள் முட்டிப் பார்த்திருக்கிறான் மனுஷன்.

காளிதாஸ் கூசிப்போனான். பத்தே நாளில் பலகை போட்டு, சனிக்கிழமை காலையிலேயே மூவாருக்கு ஓடினான்.

"அவருக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சுண்ணே," என்றாள் டொரத்தி வாசலிலேயே. "ரெண்டு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

உள்ளே வாலண்டைன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காளிதாஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். லேப்டாப்பை அவன் மடியில் வைத்தான்.

"போர்டு போட்டுட்டேன்டா."

"அலமாக்! நெசமாவா?" வாலண்டைன் முகமெல்லாம் சிரிப்பாகத் திரையைத் தடவினான். "கட்டமெல்லாம் என்ன கலர்டா போட்டிருக்க?"