குறி திருத்தாத துப்பாக்கி

1

வேட்டைக்கு இன்னும் ஐம்பத்துமூன்று மணி நேரம் இருக்கிறது. கதையை இங்கே தொடங்கக் காரணம், எனக்கு உண்மையில் தெரிந்தது இந்த ஒரு சமயம் மட்டும்தான்.

புதன்கிழமை மதியம். சான் சபா என்ற ஊரில் தீவனக் கடை. கோழித்தீவன மூட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். கைபேசியில் யாருடனோ பன்றி வேட்டைக்குப் போவதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில், "குறி திருத்த வேணாமா? ஏன் வேணாம்?" என்றார். மறுமுனையில் ஏதோ பதில் வந்தது. அவர் சிரிப்பு நின்றது. கல்லா மேசையில் வைத்திருந்த மக்காச்சோள மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து கோழிகளுக்குத் தீவனம் போட்டேன். பிறகு அவருக்கு ஹோயட் என்று பெயர் வைத்தேன். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "இருட்டிய பிறகுதான் காட்டுப்பன்றிகள் வெளியே வரும்." (அடித்துவிட்டேன். வேட்டைக் கதை எழுதும் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: "ஹோயட்டின் நண்பன் வெண்டல் க்ரெனெக் இந்த முறை வேட்டைக்குப் போவது பன்றியைச் சுடுவதற்காக —"

(இதை முடிக்கக் கை வரவில்லை. நீங்கள் முடித்திருப்பீர்கள். முடித்தது சரிதான். வெண்டல் உயிரோடு திரும்பி வருவானா என்ற ஒரு பயம்தான் இந்தக் கதை முழுக்க. அதை ஒளித்துவைத்து உங்களோடு விளையாட எனக்கு மனமில்லை. இதில் ஒளிந்திருப்பது வேறொன்று. இந்த வரியை எழுதும்போது அது எனக்கே தெரியாது.)

மூன்றாவது தொடக்கத்தில் நான் குறுக்கே வராமல் அவர்களைப் பேச விட்டேன். அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

"டேய் கிழவா, எங்க இருக்க?"

"தீவனக் கடையில. பன்னிங்களுக்கு விருந்து வாங்கிட்டிருக்கேன். சோளத்த ஊறப்போட்டு அந்த ஸ்ட்ராபெரிப் பொடியக் கலந்துக்கலாமா?"

"கல. உன் சமையல அதுங்க மட்டுந்தான் குறை சொல்லாம தின்னும்." வெண்டல் இருமினான். "டோபின்கிட்டப் பேசிட்டேன். வெள்ளிக்கிழம சாயங்காலம் அவனே நம்மளக் கூட்டிட்டுப் போய்ப் பரண்ல ஏத்திவிட்டுருவான். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"ரெண்டு பரணா? எப்பவும் ஒண்ணுலதானடா உக்காருவோம்?"

"உன் குறட்டையில பன்னி ஓடுது."

"போன தடவ ஓடினது உன் இருமல்ல."

"போன தடவ நீ பன்னியவாடா சுட்ட? தொங்கவிட்டிருந்த சோளப் பீப்பாயச் சுட்ட. அது கொட்டி, அந்த வட்டாரத்துப் பன்னி பூரா உனக்கு நன்றி சொல்லிட்டுப் போச்சு."

ஹோயட் சிரித்தான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். "சரி, ஐஸ் பெட்டி? உன்னோடதையும் வண்டியில ஏத்திக்கவா?"

"உன்னோடது போதும்."

"கறிக்கு எடம் பத்தாதுடா. சாசேஜ் போடணும்ல. ட்ரீனா கேப்பா."

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்க."

ட்ரீனா வெண்டலின் மகள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தினமும் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அப்பாவின் சமையலறையில் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்," என்றான் ஹோயட். "சுட்டுப் பாக்கறதுக்குத் தட்டு நான் கொண்டாறேன். உன் துப்பாக்கிக்குத்தான் ரொம்ப நேரம் ஆகும். ஜனவரியில வண்டியிலேர்ந்து விழுந்துச்சே."

"தட்டெல்லாம் வேணாம்."

"குறி திருத்த வேணாமா? ஏன் வேணாம்?"

"எனக்குத் தேவப்படாதுடா," என்றான் வெண்டல்.

4

குறிப்பு. (பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வர வேண்டியது. உங்களால் தாண்டிப் போக முடியாதபடி நடுவில் வைக்கிறேன்.)

துப்பாக்கியின் மேலுள்ள பார்வைக்குழாய் ஒரு இடி வாங்கினால் போதும், கண் பார்க்கும் இடமும் குண்டு போகும் இடமும் விலகிவிடும். அதனால் வேட்டைக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் வைக்கோல் கட்டில் ஒரு காகிதத் தட்டைக் குத்தி, நூறு கஜம் தள்ளிப் படுத்துக்கொண்டு சுடுவார்கள். ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருகைத் திருப்புவார்கள். மறுபடி சுடுவார்கள். வெண்டல் இதில் பைத்தியம். ஓட்டைகள் ஒரு காசுக்குள் அடங்கும் வரை எழுந்திருக்க மாட்டான். அடங்கிய தட்டில் தேதி எழுதிக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவான். குறி திருத்தாமல் வேட்டைக்கு வருகிறவனைப் பல் தேய்க்காமல் வருகிறவனைப் போலப் பார்ப்பான்.

நான் இயற்பியல் படித்தவள். விலகல் தூரத்தைப் பொறுத்தது. நூறு கஜத்தில் ஒரு சாண் தள்ளிப் போகும் குண்டு பத்து கஜத்தில் ஒரு விரலகலம்தான் விலகும். தூரம் குறையக் குறையப் பிழையும் குறையும். தூரமே இல்லையென்றால் —

ஹோயட் இயற்பியல் படித்தவனில்லை. எனக்கு ஒரு பத்தி ஆனது. அவனுக்குத் தீவனக் கடையிலேயே புரிந்துவிட்டது.

5

இந்த இடத்தில் வெண்டலுக்கு ஒரு காரணம் தர வேண்டும் என்று தோன்றியது. மனைவி லோரின் இறந்தாள் என்று எழுதினேன். வறட்சியில் மாடுகளையெல்லாம் விற்றான் என்று எழுதினேன். மாடில்லாத தொழுவத்துக்கு வழக்கம்போல விடியற்காலையில் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறான் என்று எழுதினேன். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இதே ஊரில் மனைவியை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மாட்டை விற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களெல்லாம் இந்த வாரமும் குறி திருத்துகிறார்கள்.

(நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "காரணம் போதவில்லை" என்றார். யாருக்குப் போதவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.)

ஹோயட் காரணத்தைத் தேடவில்லை. தீவனக் கடை வாசலில், வண்டியின் கதவைக்கூடச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தான். ட்ரீனாவின் எண்ணை எடுத்தான். என்ன சொல்வது? உன் அப்பா தட்டு வேண்டாம் என்கிறான் என்றா? வைத்துவிட்டான். வேட்டைக்குக் கூட்டிப்போகும் டோபினை அழைத்தான்.

"சார், சொல்லுங்க சார்! எல்லாம் ரெடி. போன வாரம் பெரிய கூட்டமா வந்துச்சு, காமிராவுல பாத்தேன்."

"டோபின், ரெண்டு பரண் யார் கேட்டது?"

"அவர்தான் சார். அதுவும் எட்ட எட்டக் கேட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு, அதக் குடுன்னார்." டோபின் சிரித்தான். "அப்புறம் சார், நான் சொன்னதா சொல்லாதீங்க. உங்கள வச்சு ஏதோ தமாஷ் பண்ணப்போறார்."

"என்ன தமாஷ்?"

"வேட்ட முடிஞ்சு எறக்கறப்ப நான் அவர் பரணுக்கு வரக்கூடாதாம். உங்கள மொதல்ல எறக்கி, உங்களத் தனியா அங்க அனுப்பணுமாம். ரெண்டு தடவ சொன்னார் சார். 'ஹோயட்தான் வரணும், நீ வண்டியிலயே இரு'ன்னு."

"சரி," என்றான் ஹோயட்.

"என்னவா இருக்கும் சார்? செத்த பாம்பா?"

"தெரியலப்பா," என்றான்.

6

முடிவுகள்.

அவர்கள் போகிறார்கள். டோபின் ஹோயட்டை ஒரு பரணில் ஏற்றிவிடுகிறான். ஓடையைத் தாண்டிப் போகிறார்கள். வெண்டல் ஏணியில் கால் வைக்கிறான். இதுவரை எழுதினேன். ஏணிப்படியில் அவன் செருப்புத் தடத்தைக்கூட எழுதினேன். அழித்துவிட்டேன். வேட்டைக்குப் போகிறவன் செருப்புப் போட மாட்டான் என்பதற்காக அழித்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போகிறார்கள், தாய்ப்பன்றி குட்டிகளோடு வருகிறது, நிலா வெளிச்சத்தில் அவை சோளம் தின்பதைப் பார்த்து வெண்டலின் மனம் மாறுகிறது. இதை எழுதியபோது வெட்கமாக இருந்தது. குட்டிகளைப் பார்த்து யாரும் பிழைப்பதில்லை.

கடையில் நான் பார்த்தவருடைய நண்பர் வேறு துப்பாக்கி வாங்கியிருக்கிறார், வாங்கிய இடத்திலேயே குறி திருத்திக் கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் வேண்டாம் என்றார். கடையில் பார்த்தவர் திரும்பி வந்து மூட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். இப்படியும் நடந்திருக்கலாம். நடந்திருக்கட்டும்.

வெள்ளிக்கிழமையை நான் எழுதப்போவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்தோடு நிறுத்திவிடுவேன்.

7

ஹோயட் எப்படிக் கேட்பான் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். "நல்லா இருக்கியா?" என்று கேட்கவைத்தேன். "இருக்கேன்" என்றான் வெண்டல். "ஏதாவது மனசுல வச்சிருக்கியா?" "ஒண்ணுமில்ல." இந்த மனிதர்களிடம் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டால் நாள் முழுக்கக் கேட்கலாம். நேராகக் கேட்க என்னால் முடியாது. நான் தீவனக் கடையில் ஒரு முன்பின் தெரியாதவரிடம், "என்ன ஆச்சு?" என்றுகூடக் கேட்காதவள். ஹோயட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

வியாழக்கிழமை. வெண்டல் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். மேசையில் ட்ரீனா காலையில் வைத்துவிட்டுப் போன பீச் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டிகள் துணி மூடியபடி இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

"அது எதுக்குடா தட்டு? வேணாம்னேனே."

ஹோயட் தட்டுகளை மேசையில் வைத்தான். உட்காரவில்லை.

"வெண்டல், நீ செத்துப்போறதுக்காடா அங்க வர்ற?"

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் டிக் டிக்கென்று சுருங்கியது.

"பீர் இருக்கு. எடுத்துக்க."

"எடுத்துக்கறேன். மொதல்ல பதில் சொல்லு."

"அந்த டோபின் பய வாயத் தெறந்துட்டானா?"

"துப்பாக்கிப் பெட்டி சாவியக் குடு."

(இதை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் வெண்டல் மறுத்தான். அந்தப் பக்கத்தை என்னால் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை.)

வெண்டல் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினான். எழுந்து, அவனே போய்ப் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு ஹோயட்டின் கையில் கொடுத்தான். அது நாற்பது வருடப் பழக்கம், இன்றைக்கும் விடவில்லை. ஹோயட் அவற்றைத் தன் வண்டியில் போர்வைக்குள் அடுக்கினான்.

"தரையப் பாத்துப் புடிடா," என்றான் வெண்டல். "கால்ல சுட்டுக்கப் போற."

"நீ பேசாத."

கடைசியாக வந்தது ஜனவரியில் விழுந்த துப்பாக்கி. ஹோயட் அதையும் உள்ளே வைத்து வண்டியைப் பூட்டினான். சாவித் துவாரத்தை இரண்டு முறை தவறவிட்டான்.

"ட்ரீனாவக் கூப்பிடப்போறேன். அவ வந்து சேர்ற வரைக்கும் நான் இங்கதான். வந்தப்புறமும் இங்கதான். காலையில டாக்டர்கிட்டப் போறோம். மூணு பேரும்."

"கூப்பிடு," என்றான் வெண்டல். மறுப்பு எதுவும் இல்லை. ரொம்ப தூரம் நடந்துவந்தவனைப் போல வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தான். ஹோயட் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி கொஞ்சம் தாழ்ந்தது.

ஹோயட் கைபேசியை எடுத்தான். அழைக்கவில்லை. நேற்று மதியத்திலிருந்து அவனைத் தின்றுகொண்டிருந்தது வேறொரு கேள்வி.

"தனியாவே போயிருக்கலாமே. என்ன எதுக்குடா கூப்பிட்ட?"

(வெண்டலின் பதிலுக்குப் பிறகு என்னிடம் வாக்கியம் இல்லை. ஹோயட் அவனை அடிக்கலாம். அணைத்துக்கொள்ளலாம். ட்ரீனா வரும் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். இந்த ஒன்றை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அவனை அந்தப் பலகையில் உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறேன்.)

வெண்டல் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னான்.

"வீட்டுல செஞ்சா காலையில ட்ரீனா வந்து பாத்துருவா. டோபின் சின்னப் பய, அதுக்கப்புறம் அவன் தூங்கமாட்டான். மொதல்ல வந்து பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. நீ தாங்கிக்குவன்னு நெனச்சேன்டா."